ஆமைக்குக் கீழே தரை

போர்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே முழுக்குப் போட்டுவிட்டு, வெறும் பிரஷ்ஷைப் பிடித்து வீடு கட்டிய மனிதர். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைவண்ணம்தான். ஆனால் அவர் பெயர் மட்டும் எந்தச் சுவரிலும் கிடையாது. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நூலகத்தின் குழந்தைகள் அறைக்குப் படம் வரையக் கூப்பிட்டார்கள். ஒரு சுவரில் பைபிள் சொல்லும் படைப்பு. எதிர்ச் சுவரில் வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்குவா மக்கள் சொல்லும் படைப்பு. பிள்ளைகள் நடுவில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"ரெண்டும் சரியா வந்தா, இந்த ரெண்டாவது சுவர்ல உங்க பேரைப் போட்டுக்கலாம் ஐயா" என்றாள் நூலகத்து அம்மா. இரண்டாவது கதையில் வானத்திலிருந்து ஒரு பெண் விழுவாள், ஓர் ஆமை வரும் என்று அவள் ஆரம்பித்ததுமே, "எல்லாம் நமக்குத் தெரியும்மா" என்று கையை ஆட்டிவிட்டார்.

முதல் சுவர் மளமளவென்று முடிந்தது. வெளிச்சம், வானம், தண்ணீர், தரை, அப்புறம் உயிர்கள், கடைசியில் மனிதன். அவர் வேலை செய்யும் வரிசையும் அதேதான்: பின்னணி முதலில், ஆட்கள் பிறகு.

"ஆண்டவரும் நம்ம மாதிரி பெயின்டர்தான்டி" என்று வர்ணம் கலக்கிய மனைவியிடம் அளந்தார்.

"அவரு ஏழாம் நாள்தான் ஓய்வெடுத்தாரு. உங்கள மாதிரி நடுவுல நடுவுல பெஞ்சுல சாயல."

எதிர்ச் சுவரிலும் அதே கை, அதே வரிசை. வானம், தண்ணீர், அடியில் நீளமாகத் தரை. அவருடைய பேர்போன பச்சை. அதன் மேல் ஆமை. மேலே வானத்திலிருந்து விழும் பெண்.

நூலகத்து அம்மா வந்து பார்த்தாள். "தரை எங்கருந்து வந்துச்சு ஐயா?"

"தரையில்லாம ஆமை எங்கம்மா நிக்கும்?"

"நீந்தும். இந்தக் கதையில முதல்ல தண்ணியும் மிருகங்களும்தான். விழுற பொண்ணைப் பறவைங்க தாங்குது. நீர் எலி முங்கி ஒரு பிடி மண்ணு கொண்டாருது. அதை ஆமை முதுகுல வெச்சப்புறம்தான் நிலமே வளருது. அங்க கடவுள் சொன்னா ஆகுது. இங்க ஆளுக்கொரு கை குடுத்தாத்தான் ஆகுது."

"நான் பிரஷ் புடிச்சப்போ நீ பொறக்கவே இல்ல! பின்னணி இல்லாம படம் வருமா?"

"அப்ப இந்தச் சுவர்ல பேரு வேணாம் ஐயா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமலே.

போர்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை மேல் நீலத்தை அடித்தார். பச்சை முண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு. சேறுதான் ஆனது. பட்டித் தகட்டை எடுத்துச் சுரண்டினார். தரையோடு ஆமையின் காலும் பெயர்ந்து வந்தது. டப்பாவை ஓர் உதை விட்டார்.

"ஆமையைக் கீழ இறக்கிப் போடுங்களேன். பழைய பச்சையில கொஞ்சம் அது முதுகுல நிக்கும்" என்றாள் மனைவி.

"உன்னைக் கேட்டேனா?" என்று சீறிவிட்டு, மற்ற பச்சையையெல்லாம் சுரண்டி நீலம் அடித்து, அப்படியே செய்தார். அவ்வளவு பெரிய தரையில் மிஞ்சியது ஆமை முதுகில் உள்ளங்கையளவு பச்சை.

"இப்பதான் கதை. பேரைப் போடுங்க ஐயா" என்றாள் நூலகத்து அம்மா.

போர்டுக்காரர் பிரஷ்ஷோடு சுவரை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் படத்திலும் பெயர் தரையில்தானே போடுவார்கள்? இங்கே சுற்றிலும் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷால், அந்த உள்ளங்கைப் பச்சையில் நெருக்கி நெருக்கி எழுதினார். வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"படிக்க வருதாடி?"

மனைவி கண்ணைச் சுருக்கினாள். "புல்லு மொளைச்ச மாதிரி இருக்குங்க."