பரமநாதன் அண்ணை எழுதாத சிறுகதைகள்

பரமநாதன் அண்ணையை உங்களுக்குத் தெரிந்திருக்காது. மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். போன மாதம் ஓய்வு பெற்றார். ஊர் கூடி விழா எடுத்தது.

நம்மூரில் விழா என்றால் வாழ்த்துமடல் இல்லாமல் முடியுமா? ஆளைப் புகழ்ந்து பாட்டெழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். அன்று மூன்று மடல். வாசிகசாலை சார்பில் தெய்வேந்திரம் மாஸ்டர். வர்த்தகர்கள் சார்பில் ஹார்ட்வெயார் கடை ரிஸ்வான். பயணிகள் சார்பில் – எழுதத் தெரிந்தவன் என்று நம்பி – நான்.

எழுதத் தெரிந்தவன் என்ன செய்தான்? போனில் இருந்த ஏஐ ஆப்பைத் திறந்தான். நாலு குறிப்புக் கொடுத்தான். முப்பது வருடச் சாரதி. கோபப்படாதவர். நோயாளிகளுக்காகப் பொறுத்து நிற்பார். நல்லாக் கதைப்பார்.

அரை நிமிடத்தில் பாட்டு வந்துவிட்டது. 'சக்கரம் சுழற்றிய கரங்களால் சிறுகதைச் சித்திரம் தீட்டிய செம்மலே' என்று அதில் ஒரு வரி. எனக்கே ஒரு கணம்... அட, இவர் கதையும் எழுதுவாரோ? நன்றாகப் பேசுவார் என்பதைத்தான் நாங்கள் நல்லாக் கதைப்பார் என்போம். அதைத் தட்டியதும் நானேதான். ஆனாலும் மெசின் சொன்னால் ஒரு மரியாதை வந்துவிடுகிறதே. சட்டம் போடக் கொடுத்துவிட்டேன்.

விழா மேடையில் முதலில் மாஸ்டர் எழுந்தார். 'காலம் என்னும் நெடுஞ்சாலையில்...' என்று தொடங்கினார். நான் குனிந்து என் சட்டத்தைப் பார்த்தேன். என் மடலின் முதல் வரியும் அதுதான். நாலாவது வரியில் பரமநாதன் அண்ணை 'சிறுகதைச் சிற்பி' ஆனார். சபை ஒருவரையொருவர் பார்த்தது.

அடுத்து ரிஸ்வான். அதே நெடுஞ்சாலை. 'கதையுலகின் காவலன்.' இப்போது சிலர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது நான். மனச்சாட்சி உள்ளவன் என்றால் மடலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாயில் வந்ததைப் பேசியிருப்பான். கண்ணாடிச் சட்டத்தை எப்படி மடிப்பது? வாசித்தேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும்?

கனடாவிலிருந்து வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணையின் மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் கதை எழுதினதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அண்ணை என்னைப் பார்த்தார். "நான் எப்ப தம்பி எழுதினனான்?"

முன்வரிசையில் அவர் மனைவி இருந்தார். "முப்பது வருசம் ஓடின மனிசன். மூண்டு பேர் வாசிச்சும் உள்ளதை ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது மூவரும் போன்களை எடுத்து நீட்டினோம். மூவரும் 'நல்லாக் கதைப்பார்' என்றே தட்டியிருந்தோம். ஆனால் மூன்றும் மூன்று ஆப். மாஸ்டருடையது நீலம். ரிஸ்வானுடையது பச்சை. என்னுடையது 'தமிழருக்கே உரியது' என்று விளம்பரம் செய்வது – அதனால்தான் நம்பினேன். ரிஸ்வானின் மகள் நஸ்ரின் டவுனில் சொப்ட்வெயார் வேலை பார்க்கிறாள். மூன்றையும் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"மேலைதான் அங்கிள் வேறை வேறை. உள்ளுக்கை மூளை ஒரே கொம்பனியின்ரை. உந்த ஆப்புக்காரர் அதை வாடகைக்கு எடுத்து, பேரை மாத்தி விடுகினம்."

"வேறை கொம்பனி இல்லையோ பிள்ளை?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு மாஸ்டர். ஒரு கை விரலுக்குள்ளை எண்ணிப்போடலாம். அவ்வளவு மெசினும் கரண்டும் வேறை ஆரிட்டை இருக்கு?"

ரிஸ்வானுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "எங்கடை சந்தி மாதிரித்தான். மூண்டு தேத்தண்ணிக் கடை. பாண் வாறது ஒரு போறணையிலை."

ரொட்டி சுடும் அந்தப் போறணைக்காரர் உப்பைக் கூட்டிப் போட்ட அன்று, மூன்று கடையும் ஏறி இறங்கினாலும் வாயில் உப்புத்தான்.

யோசித்துப் பாருங்கள். முன்பு மூன்று பேர் வாழ்த்துப்பா எழுதினால் மூன்று விதமான பிழை இருக்கும். ஒருவர் பிழையை மற்றவர் பிடிப்பார் – ஆசையோடு பிடிப்பார், ஊர் முழுக்கச் சொல்வார். அந்த எரிச்சல்தான் எங்கள் தமிழைக் காப்பாற்றியது என்பேன். இப்போது? எங்கோ ஒரு கட்டடத்தில், கதைப்பார் என்றால் கதை எழுதுவார் என்று முடிவாகிவிட்டால் போதும். குடாநாடு முழுவதும் எழுத்தாளர்தான். சாட்சி மூன்று, வாய் ஒன்று... யாரிடம் போய் முறையிடுவது?

நான் முறையிட்டேன். ஆப்பிடமே. கதைப்பது என்றால் பேசுவது, ஐயா, என்று எழுதினேன். மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டது. மறுநாள் அதே குறிப்புகளைக் கொடுத்துப் பார்த்தேன். சித்திரம் தீட்டிய செம்மல் அசையாமல் அங்கேயே இருந்தார்.

சரி, உள்ளதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது நடக்க முடியாமல் வருவது தெரிந்தால் அண்ணை பஸ்ஸை நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்காமல் இருக்க, கண்ணாடியில் பார்த்தபடி கதைப்பார். மழை, மாம்பழம், யார் மகளுக்கு எங்கே சம்பந்தம்... வந்தவர் ஏறி அமரும்வரை கதை ஓயாது. ஒருநாள் அப்படி ஏறியது என் மனைவி, காலில் கட்டோடு. அதுதான் 'நல்லாக் கதைப்பார்'. மேடையில் சொல்லியிருக்க வேண்டியது.

போன புதன்கிழமை அண்ணை என் வீட்டுக்கு வந்தார். கையில் எழுதும் கொப்பி ஒன்று.

"மூண்டு பேர் சபையிலை சொல்லிப்போட்டியள். மகளும் விடுறாளில்லை. பொய்யாக்கக் கூடாதெல்லோ... ஒரு கதை எழுதினனான்."

வாங்கிக்கொண்டேன். வாசல் படலை வரை போனவர் திரும்பினார்.

"பிழை கிடந்தால் நீர் திருத்தும் தம்பி. உந்த ஆப்புகளிட்டைக் குடுத்துப்போடாதையும்."

ஆறு பக்கம். ஏழு எழுத்துப்பிழை. ஏழும் அவருடைய சொந்தப் பிழை – ஒன்றில்கூட நான் கைவைக்கவில்லை.