6.55 வண்டிக்கு வந்த திருத்தம்

முஸ்தபா அண்ணன் எதற்கும் உடனே சரி என்று சொல்ல மாட்டார். "பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். பாலக்காட்டிலிருந்து வண்டிப்பெரியாருக்கு வந்து செல்போன் ரிப்பேர் கடை போட்டுப் பதினைந்து வருஷம். அன்றிலிருந்து இதே பேச்சு. டீ வேணுமா என்று கேட்டாலும் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைதான்.

வேலை இல்லாத நேரத்தில் மலைப்பாதை பஸ் நேரங்களைச் சேர்த்து இன்டர்நெட்டில் ஒரு பட்டியல் போட்டார். கிட் என்ற ஏற்பாட்டில் அது இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து, தப்பைத் திருத்தி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பலாம். யார், என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்பது அழியாது. துபாயில் இருக்கும் ஒருத்தர்கூடத் தன் ஊர் பஸ்ஸுக்குத் திருத்தம் அனுப்பினார். ஆனால் அண்ணன் பார்த்துச் சேர்த்தால்தான் பட்டியல் மாறும்.

போன ஜூனில் ஆனைக்கரை நேர் வண்டி 7.10-லிருந்து 6.55-க்கு மாறியது. யூனிபாரம் தைக்கும் மாதம். ஆறரைக்கே மிஷினில் உட்கார்ந்துவிடுவேன். எதிரே ஸ்டாண்டு. நாலு நாள் பார்த்துவிட்டுப் பலகைக்கு மேலாகச் சொன்னேன்.

"வாயால சொன்னா எடுக்க முடியாது, தங்கச்சி. எழுதி அனுப்பு. பதிவு இருக்கணும்ல?"

எட்டாவதோடு நின்றவள் நான். மூன்று நாள் போனோடு மல்லுக்கட்டி அனுப்பினேன். பலகைக்கு அந்தப்பக்கம் அவர் போன் மணியடித்தது. சற்று நேரத்தில் என் போன் அடித்தது. 'நன்றி. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'

அவர் எழுந்திருப்பது எட்டு மணிக்கு. 6.55 வண்டியை எங்கே பார்ப்பது?

இருபத்திரண்டாம் நாள் அவர் மனைவி ஜொஹரா அக்காவுக்கு ஆனைக்கரைப் பக்கம் ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட். மூன்றாவது தடவை. லைசென்ஸ் வந்தால் இனி ஒரு பஸ்ஸுக்கும் காத்து நிற்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 7.05-க்கு ஓடி வந்தார்.

"போயிடுச்சுக்கா."

"பட்டியல்ல 7.10 போட்டிருக்கே!"

"நான் திருத்தம் அனுப்பினேனே. அண்ணன் வீட்ல சொல்லலியா?"

அக்கா என் போனை வாங்கி, என் திருத்தத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதினார்: 'திருத்தம் வந்து இருபத்திரண்டு நாள். வண்டி போய்ப் பத்து நிமிஷம். நான் ஸ்டாண்டில். இப்படிக்கு, பட்டியல்காரரின் மனைவி.'

துபாய்க்காரர் உடனே கேட்டார்: 'அடுத்த வண்டி எப்போ, சகோதரி?'

போன் மணியில் விழித்த அண்ணன் லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "உறுதியாகாத விஷயத்தை வீட்ல எப்படிச் சொல்றது, ஜொஹரா?"

"பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்துறீங்களே, அதாச்சும் உறுதியாயிடுச்சா?"

"பாத்து..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். நின்ற இடத்திலேயே திருத்தத்தைச் சேர்த்தார். பார்க்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான். பிறகு அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது.

இப்போது சேர்க்கும் அதிகாரம் ஜொஹரா அக்காவிடமும் இருக்கிறது. திருத்தம் வந்தால் என்னைக் கேட்டு அன்றைக்கே சேர்த்துவிடுகிறார். அக்காவுக்கு அடுத்த டெஸ்ட் வியாழக்கிழமை. 6.55 வண்டியில்தான் போகிறார்.