ரயிலேறிப் போனவளுக்கு ஒரு பாட்டு

டேப் ஓடத் தொடங்கியதும் பாட்டு வராது. எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல முதலில் ஒரு 'சொர்ர்' சத்தம், பிறகு பியானோ, அதன் மேல் தொண்டை கட்டிய ஓர் ஆணின் குரல். குவைத்தில், மங்காஃபில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். அப்பா எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவரோடு வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் ஊருக்கே திரும்பிப் போனபோது கொடுத்த கேசட் அது. அட்டையில் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும், பாடியவர் பெயர்கூடக் கிடையாது. ஊரே சிடிக்கு மாறிய பிறகும் அப்பா அதற்காகவே ஒரு பழைய டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு அழுதார். "இந்த ஆளுக்கு யாராச்சும் ஒரு டம்ளர் மொளகுப் பால் குடுக்கக் கூடாதா?" என்று அம்மா கிண்டல் செய்வாள்; வெங்காயம் நறுக்கும்போது அதே மெட்டைத்தான் முணுமுணுப்பாள்.

'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்ற மூன்று சொல்லை வைத்தே குடித்தனம் நடத்திய அப்பா, அந்தப் பாட்டு பிறந்த கதைக்கு மட்டும் வாய் திறப்பார். "அம்பது வருஷத்துக்கு முன்னாடி, பாப்பா, அமெரிக்காவுல. அவன் பொண்டாட்டி புள்ளயோட ரயிலேறிப் போயிட்டா. அவன் வீட்டுக்குத் திரும்பிப் போகல, ஸ்டேஷன்லேருந்து நேரா ஸ்டுடியோவுக்குப் போயி நின்னுக்கிட்டே பாடுனான். ஒரே டேக். கேளு, நடுவுல கொரல் ஒடையுதா?" வாராவாரம் கதையில் ஏதாவது சேரும்: ஒரு வாரம் மழை, இன்னொரு வாரம் ரயில் ஜன்னலில் கையாட்டும் குழந்தை. அவள் திரும்பி வந்தாளா என்று கேட்டால், "பாட்டுதான் ஹிட்டாச்சே, அவ காதுலயும் விழுந்துருக்கும்" என்று அதோடு நிறுத்திக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் நான் இதை இங்கிலீஷில் எடுத்துவிட, வகுப்பே கை தட்டியது.

எங்களைப் போன்ற குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, ஆறாம் வகுப்பை எட்டினால் அம்மாவும் அதுவும் ஊருக்கு. அப்பா மட்டும் அங்கேயே. "பொம்பளப் புள்ள, நம்ம ஊர்ல படிச்சாத்தான் நாளைக்குச் சரிப்பட்டு வரும்" என்று திருச்சியிலிருந்து பெரியப்பா போன் போட்டுக்கொண்டே இருந்தார். நான் ஐந்தாவது படித்த அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா வெவ்வேறு விதமாகக் கேட்டாள்: "நீங்க என்னங்க சொல்றீங்க?" அப்பா ஒரே விதமாகப் பதில் சொன்னார்: "உன் இஷ்டம்." சொல்லிவிட்டு எழுந்துபோய் டேப்பைப் போடுவார்.

கடைசியில் அம்மாவின் இஷ்டப்படியே ஆயிற்று, அல்லது நாங்கள் எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டோம். ஜூன் மாத வெயிலில், ஏர்போர்ட்டில் அப்பா எங்களிடம் சொன்னது "எறங்குனதும் போன் பண்ணுங்க" என்பது மட்டும்தான். திருச்சி வந்த பிறகு நான் பைத்தியம்போல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு வரும், அம்மா காதில் விழும், பெட்டியைக் கட்டுவாள் என்று முழுசாக நம்பினேன். ரேடியோவில் உரம் போடுவதைப் பற்றிச் சொன்னார்கள். அப்பா வீட்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஃபஹாஹீலில் நாலைந்து ஆண்கள் சேர்ந்து தங்கிச் சமைத்துக்கொள்ளும் 'ஷேரிங் ரூம்' ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் வரும் ஒரு மாத லீவில் நாங்கள் மூவரும் விருந்தாளிகள்போல் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தோம். எனக்கு அவர் வேண்டியிருந்தது. அதை நானும் சொன்னதில்லை.

போன வருடம் சென்னையில் காரில் போகும்போது, ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு வரிசையில் தானாக அந்தப் பாட்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனில் தேடினேன். அந்தப் பாடகருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லையாம். ரெக்கார்டிங் முடிந்து நேரம் மிச்சமிருந்ததால், சும்மா விளையாட்டாகப் பாடி, இசைத்தட்டின் பின்பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ரேடியோக்காரர் தட்டைத் திருப்பிப் போட, அது ஹிட்டாகிவிட்டது. ரயிலும் இல்லை, மழையும் இல்லை.

அப்பா ஓய்வு பெற்றுத் திருச்சிக்கே வந்துவிட்டார். கேசட்டும் டேப் ரெக்கார்டரும் ஏதோ ஒரு ரூம் மாறியபோது போய்விட்டன. மங்காஃப் வீட்டில் யார் இருக்கிறார்களோ தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அடுப்படியில் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"கதைன்னு எனக்கு அப்பவே தெரியும்டி. போகாதன்னு சொல்ல வாய் வராம அமெரிக்காக்காரன இழுத்துக்கிட்டு வந்தாரு. நானும் அவரு வாயால வரட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

சாப்பிட்டு முடித்த அப்பா தட்டோடு உள்ளே வந்தார். அம்மா வாங்குவதற்குக் கையை நீட்டினாள். "இருக்கட்டும், பழக்கமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து அவரே கழுவத் தொடங்கினார்.