மோதிரத்துக்குள் நுழைந்த மஸ்லின்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாதியில் எழுந்துபோன நாளில், எங்கள் பெங்களூர் மல்லேஸ்வரம் வீட்டில் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஏழு வயது.

அத்தை, அப்பாவின் தங்கை. வங்கி வேலையில் கொல்கத்தாவில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்திருந்தாள். வரும்போது ஒரு வெள்ளை மஸ்லின் புடவை கொண்டுவந்தாள். எப்போதாவதுதான் கட்டுவாள். கட்டிய மறுநாள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தானே அலசுவாள். முறுக்கிப் பிழிய மாட்டாள். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, வெயில் படாமல் உள்ளறையில் விரித்துப் போடுவாள். மடித்தால் மடிப்பில் இழை விட்டுப்போகும் என்று அட்டைக் குழலில் சுற்றி வைப்பாள். அம்மாவைக்கூடத் தொட விடாதவள், எனக்கு மட்டும் ஒரு வித்தை காட்டுவாள். பீரோவிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, முழுப் புடவையையும் அதற்குள் நுழைத்து இழுப்பாள்.

வந்தவர்களுக்குச் சிக்பேட்டையில் ஜவுளிக்கடை. பிள்ளை வெளியூரில் இருந்ததால் பெற்றோர் மட்டும் வந்திருந்தார்கள். காபி குடித்தபடி பெரியவர் டாக்கா மஸ்லினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆற்றங்கரையில் மட்டுமே விளைந்த பருத்தியாம். காற்றில் ஈரம் இருக்கும் காலை நேரத்தில்தான் நூற்பார்களாம். வெயில் ஏறினால் நூல் அறுந்துவிடுமாம். வெள்ளைக்காரன் மில் துணியோடு வந்ததும் எல்லாம் போயிற்றாம்.

"இப்ப மஸ்லின்னு விக்கறதெல்லாம் சும்னே பேருக்குத்தான் சார். நல்ல துணின்னா மோதிரத்துக்குள்ள போகணும்" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"எங்க அத்தையோடது போகுமே!" என்று கத்தினேன்.

அப்பா முறைத்தார். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், பட்டுப்புடவை சரசரக்க, குழலையும் மோதிரத்தையும் எடுத்து வந்தாள்.

புடவை புகை மாதிரி மோதிரத்துக்குள் போய் மறுபக்கம் வந்து விழுந்தது. நான் கை தட்டினேன். பெரியவர் தலைப்பை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "அடடா! கையால நூத்தது. எப்படிம்மா தோய்க்கறீங்க?" என்று கேட்டு, அத்தை சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

அவர் மனைவி மட்டும் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஆம்பளைங்க போடற மோதிரமாச்சே. உங்க அண்ணனோடதா?"

"இல்லீங்க. கொல்கத்தாவுல கூட வேலை பாத்தவரோடது. புடவையும் அவர் குடுத்ததுதான்."

அப்பாவின் டம்ளர் வாயருகே நின்றுவிட்டது. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மனைவி ஆட்டோவில் ஏறிய பிறகும் பெரியவர் வாசலில் தயங்கி நின்றார்.

"நல்லதாப் பாத்துத்தான் எடுத்திருக்கீங்கம்மா. விட்டுடாதீங்க."

அத்தை அவரைக் கும்பிட்டாள்.

அப்பா தங்கையோடு மறுபடி பேசப் பல மாதம் ஆயிற்று. கடைசியில் அவரே கொல்கத்தாவுக்குப் போய்க் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். அதெல்லாம் பிற்பாடு. அன்று நான் சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா! அந்தத் தாத்தாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அத்தைக்கு எப்போ கல்யாணம்?"

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். இவ்வளவு நல்ல சேதி சொன்ன வாயை ஏன் பொத்துகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.