லுங்கித் துண்டில் நான்கு பச்சை

திருத்தணியிலிருந்து சைக்கிளில் வந்து வயல் பார்க்கும் அந்த விவசாய ஆபீஸ்காரரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை சேறு காய்ந்த பேன்ட். சட்டைப் பையில், பொதட்டூர்பேட்டை லுங்கியிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதில் கரும்பச்சையிலிருந்து வெளிர்பச்சை வரை நான்கு கட்டங்கள். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அந்த வருஷம் பக்கத்து வயல் கரும்பச்சையாக நின்றது. பொறாமையில் நான் மூன்றாம் தடவையாக யூரியா மூட்டையைப் பிரித்துவிட்டேன்.

"இந்தக் கடைசி கட்டத்துக்கு வெளுத்தா போடுங்கம்மா. இப்போ வேணாம்."

"பக்கத்து வயலைப் பாருங்க சார், எப்படி நிக்குது!"

"காத்தடிச்சா படுத்துக்கும். பயிர் துன்னது போவ மிச்சம் எங்க போவும்? கீழ எறங்கிகினு இருக்குது." வயலோரத்து எங்கள் கிணற்றைக் காட்டினார். "அதைத்தான குடிக்கிறீங்க? வீட்ல கைக்குழந்தை இருக்குதா?"

இருந்தது. மூட்டையைக் கட்டிவிட்டேன். ஆனாலும் தினமும் பக்கத்து வயலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துண்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை.

ஐப்பசிக் காற்றில் பக்கத்து வயல் பாய் விரித்தாற்போலப் படுத்தது. எங்கள் நெல் நின்றது. அப்பாடா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் துண்டை இன்றுவரை நான் துவைக்கவில்லை. அது வெளுத்துப்போனால், பிறகு என் கண்ணை அல்லவா நம்ப வேண்டியிருக்கும்?