தறிக்கு லீவு, மாத்திரைக்கு?

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது சுலபம். வாங்கியவர் அதை விழுங்கினாரா என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு ஒரு தலைவலி மாத்திரை தேவைப்படும். என்னைப் போல் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய கடைக்காரர்களுக்கு இது புரியும். உதாரணத்துக்கு, பிள்ளையார்பாளையத்தில் என் கடைக்கு வரும் நெசவாளர் தட்சிணாமூர்த்தி ஒருவரே போதும்.

டப்பா மாற்றம்

தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று பயந்து, தறியை விட்டு எழுந்து மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர் அவர். மனநல டாக்டரின் மாத்திரையால்தான் மறுபடி தறியில் உட்கார்ந்தார். மாதாமாதம் வருவார். கடையில் ஆள் இருந்தால் சோப்பு விலை விசாரித்துக்கொண்டு நிற்பார். எல்லோரும் போனதும் சீட்டை நீட்டி, சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத் தரச் சொல்வார். டப்பா மாற்றுவதெல்லாம் நடக்காது என்று கறாராகச் சொல்லிவிட்டு, காக்கி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

"சுகர் மாத்திரைன்னா ஊரே நல்லாயிருக்கியான்னு கேக்குது. இதுக்கு மட்டும் திருடன் மாதிரி வந்துக்கினு இருக்கேம்மா."

மிச்சம் ஒன்று

வீட்டில் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று மாதாமாதம் ஒரு மாத்திரை குறைத்தே வாங்கினார். துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அமாவாசையன்று இங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறியில் உட்காரத்தானே மாத்திரை, உட்காராத நாளில் எதற்கு என்று இவராகவே முடிவு செய்துவிட்டார். பத்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"தறிக்கே லீவு உடறோம், மாத்திரைக்கு உடக் கூடாதாம்மா?"

கை

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவர் மனைவி சரஸ்வதி வந்தாள். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு, கரை நூல் ஓடும் நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது, மூன்று நாளாக அவர் தூங்கவில்லை, தெரு பேசுகிறது என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அழுதாள். மாத்திரை போட்டால் கை நடுங்கி இழை அறுகிறதாம். அதனால் மொத்தமாகவே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு மாதமும் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டேனே தவிர, கையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே அவரை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன்.

"மாத்திரை போட்டா கை நிக்கல, போடலன்னா மனசு நிக்கல. நான் எதைக்கா புடிச்சி உக்கார வைப்பேன்?"

மறுபடி அமாவாசை

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில வாரத்தில் நடுக்கம் அடங்கியது. புடவையும் நல்லபடியாக முடிந்து முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போன அமாவாசையன்று காலை, நெற்றி நிறைய விபூதியோடு கடைக்கு வந்தார். நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சோப்பு விலை கேட்கவில்லை. சீட்டை எல்லோர் முன்னாலும் நீட்டினார். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னிக்குத் தறிக்கு மட்டும்தாம்மா லீவு, எனக்கு இல்ல."

அவர் படியிறங்கிய பிறகுதான், ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்யும் என்னுடைய பிரஷர் மாத்திரை மூன்று நாளாக டிராயரிலேயே கிடப்பது எனக்கு ஞாபகம் வந்தது.