செவ்வாய்க்கிழமை மாத்திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீடு வீடாகப் போகும் நர்சுக்கு அது ஒரு குறையே இல்லை என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் பதினொரு வீடு. எல்லாரும் தனியாக இருக்கும் வயதான ஆண்கள். தாஜா பண்ணிக்கொண்டு நின்றால் மூன்றாவது வீட்டிலேயே மதியம் ஆகிவிடும்.

ஏழாவது வீடு லிஃப்ட்காரருடையது. எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவர். மனைவி போன பிறகு தரைத்தளத்தில் ஓர் அறை, ஒட்டினாற்போல் குளியலறை. "ஆயுசு பூரா ஊரை ஏத்தி இறக்கிட்டேன், எனக்கு ஒரு படிகூட வேணாம்னு கேட்டு வாங்கின வீடு" என்பார். எதையும் மாடிக் கணக்கில்தான் பேசுவார். கதவைத் திறந்ததும், "சிஸ்டர் இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்று கேட்பார். என் கோபத்தின் அளவைத்தான் கேட்கிறார். "அஞ்சு" என்பேன். "அப்ப நான் ஓரமா நின்னுக்கிறேன்" என்றபடி கையை நீட்டுவார். நான் பிரஷர் பட்டையைச் சுற்றுவேன்.

அவருடைய மாத்திரைப் பெட்டியில் ஏழு நாளுக்கு ஏழு அறை. வாராவாரம் நான்தான் நிரப்பி வைப்பேன். மார்ச் மாதம் ஒரு செவ்வாய் போனபோது பிரஷர் எகிறியிருந்தது. பெட்டியில் நான்கு அறை தொடப்படவே இல்லை.

"போட்டா தலை சுத்துது சிஸ்டர். எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"எல்லாரும் சொல்ற சாக்குதான் இது. அடுத்த தெரு தையல்காரரைப் பாருங்க. உங்களைவிட நாலு வயசு பெரியவர், ஒரு நாள் தவற விடுறதில்ல. உங்களுக்கு மட்டும் என்ன கேடு?"

அவருடைய சிகிச்சை அட்டையில் 'மருந்து மறுக்கிறார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். இரண்டு டிக் விழுந்தால் குடும்பத்துக்குக் கடிதம் போகும். வெளியூரில் இருக்கும் அவர் மகன் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவைத்து, ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தார். அதையும் ஞாபகப்படுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். எழுந்தால் பிரஷர் இறங்குகிறதா என்று அவரை நிற்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அதை நான் செய்யவில்லை.

மறு வாரத்திலிருந்து பெட்டி சுத்தமாகக் காலி. எண்களும் அழகாக வந்தன. அடியாத மாடு படியாது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். எத்தனாவது மாடி என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாயன்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அதனால் யாருக்கும் சொல்லாமல் திங்களன்றே சுற்றுக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவரின் முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்குத்தானே சிஸ்டர் வரணும்?"

பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது. பெட்டியில் ஏழு அறையும் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. அவரே அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே பாதிக்கு மாத்திரைகள். செவ்வாய் காலையில் ஒன்றை விழுங்கிவிட்டு, மீதி ஆறையும் அதில் கொட்டி வந்திருக்கிறார்.

எனக்கு எட்டாவது மாடியும் தாண்டிவிட்டது. "என்னை ஏமாத்தறதுக்குன்னே ஒரு நாள் மட்டும் போட்டீங்களா?"

"நீங்க திட்டினதும் தினம் ஒழுங்காத்தான் போட்டேன் சிஸ்டர்" என்றார், தரையைப் பார்த்தபடி. "பத்தாம் நாள் குளியலறையில விழுந்துட்டேன். காலையில விழுந்தவன், சாயங்காலம்தான் தவழ்ந்து வெளிய வந்தேன். அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை மட்டும்னு வச்சுக்கிட்டேன். அன்னிக்கு விழுந்தா நீங்க வந்து தூக்கிடுவீங்கல்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே சிஸ்டர்."

அங்கேயே நின்று டாக்டருக்கு போன் போட்டேன். அவர் வரும்வரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது டிக்கைப் போட்டால் நான் தப்பிப்பேன், அவர் வீடு போய்விடும். லிஃப்ட்காரர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாத டிக்கின் மேல் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: 'தலைசுற்றல் என்று அன்றே சொன்னார். நான் சாக்கு என்று சொல்லிவிட்டேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், குறைந்த அளவில். கடிதம் போகவில்லை. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது எனக்குப் போதவில்லை. குளியலறைத் தரையில் அவர் கிடந்த அந்தப் பகல் எந்தக் கிழமையாக இருந்தாலும், நான் எங்கோ ஒரு வீட்டில் இன்னொருவரைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறேன். உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்கிறேன். கதவு திறந்ததும் நானே முந்திக்கொண்டு, "இன்னிக்குத் தரைத்தளம்தான் ஐயா" என்கிறேன். அவர் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே, நான் சொல்வது நிஜம்தானா என்று என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் கையை நீட்டுகிறார்.